கட்டைவிரலில் ஒரு கறுப்பு

சத்தியம், சத்தியம், முச்சத்தியம்! இதில் ஒரு சொல் பொய் என்றால் என் பல்செட் இந்த நிமிடமே கழன்று விழட்டும்.

டாக்டர் ஜெசிந்தா மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தால், கண்ணாடியில் செத்துக் கிடக்கும் செல்கள்கூட சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து நிற்கும். வயது முப்பத்தாறு. அவரிடம் திசுப் பரிசோதனை படிக்க வந்த சீடர் டாக்டர் கதிரேசனுக்கு ஐம்பது.

அன்று காலை கதிரேசனுக்கு வியர்த்துக் கொட்டியது. பரோட்டா மாஸ்டர் செல்லையாவின் வலது கட்டைவிரலில் ஒரு கறுப்புக் கட்டி. துணுக்கு வெட்டி அனுப்பியிருந்தார்கள். கெட்டது என்று எழுதினால் மதியமே விரலை எடுத்துவிடுவார்கள்.

"மேடம், ஸ்லைடு முழுக்க அட்டக்கரி. புற்றுநோய் என்று எழுதிவிடவா?"

"செல்லுக்குள்ளே உட்கரு எப்படி இருக்கிறது?"

"கறுப்பு மறைக்கிறது மேடம். தெரியவில்லை."

"அப்புறம் எதைப் பார்த்து எழுதுகிறீர்கள் சார்?"

போன் அலறியது. அறுவை சிகிச்சை டாக்டர்.

"விரல் இருக்கட்டுமா, போகட்டுமா?"

"பரோட்டா இன்னும் வேகவில்லை" என்று ஜெசிந்தா போனை வைத்துவிட்டார்.

மெழுகில் பதித்திருந்த அதே துணுக்கிலிருந்து இன்னொரு சீவல் எடுத்தார். கத்தரிப்பூ நிறத்தில் இருந்த பெர்மாங்கனேட் தண்ணீரில் அதை இறக்கினார்.

"ஐயோ, கறுப்பு வெளுத்துவிடுமே மேடம்! அதுதானே சாட்சி?"

"சாட்சி ரொம்பக் கத்துகிறது. கொஞ்ச நேரம் வெளியே நிற்கட்டும்."

கதிரேசன் நூற்றுப் பதினேழு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். கடிகாரமே கூச்சப்பட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது.

வெளுத்த சீவலுக்குச் சாயம் ஏற்றி, "பாருங்கள்" என்றார் ஜெசிந்தா.

கதிரேசன் குனிந்தார். சின்னச் சின்ன உட்கருக்கள், எல்லாம் ஒரே மாதிரி. ஒன்றுகூடப் பிளந்து பெருகவில்லை.

"மச்சம்தான் மேடம்! ஆபத்தில்லாத மச்சம்! அப்படியென்றால் முதல் ஸ்லைடில் அப்பிக் கிடந்த அந்தக் கரிமூட்டைகள்?"

"கறுப்பைத் தின்று சுத்தம் பண்ண வந்த செல்கள். துப்புரவுக்காரரைப் போய்த் திருடன் என்று பிடிக்கப் பார்த்தீர்களே!"

அறிக்கை போனது. செல்லையாவின் விரல் தப்பியது. கதிரேசன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இனிமேல் கறுப்பைக் கண்டு பயப்பட மாட்டேன் மேடம்."

ஜெசிந்தா அடுத்த ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்தார்.

"இதுவும் தோல் கட்டிதான். ஒரு பொட்டுக் கறுப்பு கிடையாது, ஆனால் உட்கரு ஒன்றுபோல ஒன்று இல்லை. இதற்குப் பயப்படுங்கள் சார்."

கதிரேசன் மெல்ல நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

யார் சொன்னது என்று யாராவது கேட்டால், பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டு போனார்கள் என்று சொல்லிவிடுங்கள். என் பெயர் மட்டும் வேண்டாம்.