விபத்துக்கு யார் முறை?

கரிசல் பக்கத்தில் ஒரு கடலைமிட்டாய் கம்பெனி. அங்கே வேலை பார்த்த ஒன்பது பேரும் நல்லவர்கள். அதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது. ஒன்பது பேரிலும் ரொம்ப நல்லவர் மேஸ்திரி ஆவுடையப்பன்.

பாதுகாப்பு ஆய்வுக்கு வந்த ஆபீசர் விபத்துப் பதிவேட்டைக் கேட்டார். ஆவுடையப்பன் அட்டை கசங்காமல் வைத்திருந்ததை எடுத்துப் பெருமையாக நீட்டினார். உள்ளே ஓர் எழுத்துகூட இல்லை. அடுத்த மாதம் வரும்போது இது ஒழுங்காக எழுதியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நோட்டீஸ் என்று சொல்லிவிட்டு ஆபீசர் கிளம்பினார். நோட்டீஸ் வந்தால் மறுநாளே மேஸ்திரி வேலை என் மச்சினனுக்கு என்றார் முதலாளி. பதினாறு வருஷம் கடலை வறுத்துப் பிடித்த வேலை அது. பாவம், ஆவுடையப்பனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் எல்லோரும் கடலை மூட்டை மேல் உட்கார்ந்து யோசித்தார்கள். வேலைக்குச் சேர்ந்து நாலே மாதமான லிங்கதுரை, நாமாகவே எதையாவது எழுதிவிடலாமே என்றான். ஆவுடையப்பன் காதைப் பொத்திக்கொண்டார்.

"பொய் எழுதக் கூடாதுப்பா. நடந்தாத்தான் எழுதணும். அப்ப, எழுதணும்னா நடக்கணும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஆளுக்கொரு விபத்து, நாளுக்கு ஒருவர் என்று முடிவானது. யாருக்கு எது என்பதில்தான் சிக்கல். பாகு கிண்டும் பேச்சிக்கனிக்கு இருபது வருஷ சர்வீஸ். அவளுக்குக் கீறல், லிங்கதுரைக்கு ஏணியிலிருந்து விழுவது என்றதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"கோயில்ல முதல் மரியாதை வாங்குற குடும்பம் எங்களுது. எனக்குக் கீறலு, நேத்து வந்த பயலுக்கு ஏணியா?"

நியாயமான கேள்வி. மறுநாள் முழுக்க அடுப்பே பற்றவைக்காமல் பேசித் தீர்த்தார்கள். ஐந்து வருஷம் வரை கீறல். பத்து வரை வழுக்கி விழுவது. அதற்கு மேல் எல்லோருக்கும் ஏணி.

காரியம் மளமளவென்று நடந்தது. லிங்கதுரையை நகத்தால் கீறினார்கள். அவன் கெஞ்சிக் கேட்டதால் அதற்கு முன்பே நகத்தை ஒட்ட வெட்டியிருந்தார்கள். பேச்சிக்கனியை ஏணியிலிருந்து நாலு பேர் கைத்தாங்கலாக இறக்கி, கீழே அடுக்கிய சாக்குக்கு ஒரு சாண் உயரத்தில் விட்டார்கள். 'ஏணியிலிருந்து விழுந்தாள். முழு திருப்தி' என்று பதிவேட்டில் ஏறியது.

செவ்வாய்க்கிழமை வெல்ல மூட்டை சரிந்து ஆவுடையப்பன் கால்மேல் விழுந்தது. பெருவிரல் கத்திரிக்காயாக வீங்கிவிட்டது. லிங்கதுரை பதிவேட்டை எடுக்க ஓடினான்.

"வைடா அதை. எனக்கு வெள்ளிக்கிழமைதான்" என்றார் ஆவுடையப்பன், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஆனால் ஆபீசர் வியாழக்கிழமையே வந்துவிட்டார். பதிவேட்டை நின்றபடியே படித்தார். முதல் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டாம் பக்கத்தில் நெற்றியைத் துடைத்தார். பிறகு ஆவுடையப்பனின் கால்கட்டைப் பார்த்து, இது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டார்.

"இது விபத்து இல்லீங்கய்யா, சும்மா அடிபட்டது."

ஆபீசர் இரண்டடி பின்வாங்கினார். தரையில் வறுத்த கடலை சிதறிக் கிடந்தது. கால் வழுக்கித் தொப்பென்று விழுந்தார்.

யாரும் அவரைத் தூக்கவில்லை. முதலில் இது முறைப்படிதானா என்று பார்க்க வேண்டுமே. ஆவுடையப்பன் நொண்டிக்கொண்டே பதிவேட்டோடு வந்து பக்கத்தில் குந்தினார்.

"ஐயாவுக்கு எத்தனை வருஷ சர்வீஸ்?"

இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்த ஆபீசர், வலியில் தன்னை மறந்து, "இருபத்திமூணு" என்றார்.

ஆவுடையப்பனின் முகம் வாடிவிட்டது. இருபத்திமூணு வருஷ சர்வீஸ்காரருக்கு வெறும் வழுக்கலா? இப்படியே எழுதினால் பதிவேடு தப்பாகிவிடும். தப்பானால் நோட்டீஸ். நோட்டீஸ் வந்தால் மச்சினன். அப்புறம் ஆபீசரின் தோளை ஆதரவாகத் தட்டிவிட்டுத் திரும்பினார்.

"பேச்சியக்கா, அந்த ஏணியை எடுத்துட்டு வா. நாலு பேர் வாங்கப்பா, ஐயாவை மெதுவா ஏத்துவோம்."