நெட்டச்சி கொடுத்த கடைவாய்ப் பற்கள்

அந்தக் காலத்தில், மாடும் டைனோசரும் ஒரே காட்டில் மேய்ந்து ஊர்வம்பு பேசித் திரிந்தபோது, நெட்டச்சி என்றொரு நெடுங்கழுத்து டைனோசர் இருந்தாள். தென்னை உயரக் கழுத்து. கழுத்தெலும்புக்குள் வெறும் காற்றுதான், கனமே கிடையாது. கனமெல்லாம் தலையில். பாறை மாதிரித் தலை, உள்ளே அம்மி அம்மியாய்க் கடைவாய்ப் பற்கள். அத்தனை நீளக் கழுத்து இருந்தும் தலையைத் தூக்க முடியாமல் தரையோடு இழுத்துக்கொண்டு போவாள், பாவம்.

போதாக்குறைக்கு அவள் கூட்டத்தில் ஒரு வழக்கம். ஒவ்வொரு வாய்ப் புல்லையும் நூறு தடவை மெல்ல வேண்டும். மெல்லாதது எதுவும் வயிற்றில் இருக்கக் கூடாது. இந்த வேகத்தில் தின்றால் அந்த மலை உடம்புக்கு எப்படிக் காணும்? பொழுதெல்லாம் மென்றும் அரை வயிறுதான். அந்தக் கோடையில் புல்லும் தீயத் தொடங்கியது. விலா எலும்பு வெளியே தெரிந்தது. இன்னும் பத்து நாள் தாங்கமாட்டோம் என்று நெட்டச்சிக்கே தெரிந்துவிட்டது.

பக்கத்தில் செவலை என்ற பசு, இருந்த புல்லை லபக் லபக்கென்று விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி செவலை, நீ மெல்லவே மாட்டியா?"

"மெல்லப் பல்லு எங்கேக்கா இருக்கு? அப்படியே முழுங்குறேன். வயிறு கல்லு மாதிரிக் கிடக்கு, படுத்தா எழுந்திரிக்க முடியல."

நெட்டச்சி தன் வயிற்றைத் திரும்பிப் பார்த்தாள். குளம் மாதிரி வயிறு. மெல்லாமல் போட்டாலும் அதுபாட்டுக்குக் கிடந்து ஊறாதா? இத்தனை நாள் இது தோன்றவில்லையே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"என் கடைவாய்ப் பல்லை எல்லாம் நீயே வச்சுக்கோ. ஆனா எங்க வழக்கமும் பல்லோட சேர்ந்ததுதான். மெல்லாதது எதுவும் வயித்துல இருக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

செவலை சத்தியம் செய்தாள்.

நெட்டச்சி பற்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, இலையை உருவுவதற்குச் சீப்பு மாதிரி இருந்த முன்பற்களை மட்டும் வைத்துக்கொண்டாள். தலை சுருங்கிப் பூசணிக்காய் அளவானது. கழுத்து தானாக மேலே போய் உச்சிக்கிளையில் நின்றது. வாய் கொள்ளாத பச்சை இலை. உருவினாள், விழுங்கினாள், கண்ணில் நீர் வழிய மறுபடியும் உருவினாள்.

கீழே செவலை பல்லை மாட்டியதும் திடுக்கிட்டாள். காலையிலிருந்து விழுங்கிய புல் அத்தனையும் மெல்லாமல் வயிற்றில் இருக்கிறதே. சத்தியம் செய்தாயிற்றே. ஒரு கனைப்புக் கனைத்து, ஒரு வாய்ப் புல்லை மேலே கொண்டுவந்து மெல்ல ஆரம்பித்தாள்.

"அடியே, இனிமே தின்கிறதைத்தான் சொன்னேன்," என்றாள் நெட்டச்சி. அந்த உயரத்திலிருந்து சொன்னது கீழே யாருக்குக் கேட்கும்?

பல்லைக் கொடுத்தவள் வம்சம் மண்ணோடு போய்விட்டது. வாங்கியவள் வம்சம் வாக்குத் தவறவில்லை. அன்று முதல்தான் மாடு வயிறு முட்ட விழுங்கிவிட்டு வந்து, நிழலில் படுத்து, அதையே திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடுகிறது.