மயிலைக்காளைக்குக் குழி விழுந்த கதை

அந்தக் காலத்துல, ஆடு மாடெல்லாம் நம்மளாட்டம் வாய் பேசிக்கிட்டுத் திரிஞ்சப்போ, மாட்டுக்குத் தீனி அளக்குறது ரொம்ப லேசு. "போதுமா?"ன்னு மாட்டையே கேக்க வேண்டியது. "போதும்"னு சொன்னா நிறுத்திக்க வேண்டியது. மாடும் பொய் சொல்லாது. சொல்லலாம்னு அதுக்குத் தோணினதே இல்ல, மாரப்பன் ஊட்டு மயிலைக்காளை பொறக்குற வரைக்கும்.

மாரப்பன் பொண்டாட்டி பேரு பாவாயி. கட்டுத்தறில தீனி அளக்குறது அவ வேலை. வறுத்து இடிச்ச கொள்ளும் பருத்திக்கொட்டையும் கலந்து, காலைல ஒரு படி, பொழுது சாய ஒரு படி. படியில அள்ளி, மேல கும்மாச்சியா நிக்கிறத உள்ளங்கையால சர்ருன்னு தலை தட்டிட்டுத்தான் தொட்டில கொட்டுவா. ஒரு கொள்ளு கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

ஏன் இத்தனை கணக்குன்னா, தேர் வருது. தேர்ச் சந்தையில ஊர்க் காளைங்களையெல்லாம் வரிசையா நிறுத்தி அழகு பாப்பாங்க. ஒசந்த காளை எதுவோ அதுதான் ஊருக்குப் பொலிகாளை. ஊர்ல பொறக்குற கன்னுக்கெல்லாம் அதுதான் அப்பன். மத்ததையெல்லாம் காயடிச்சு ஏர்ல பூட்டிருவாங்க.

காயடிக்கிறதுன்னா என்னன்னு மயிலைக்குத் தெரியும். பக்கத்துக் காட்டுச் செவலைக்காளை போன வருசம் சொல்லியிருந்துச்சு. சொல்லும்போதே அதுக்குக் கண்ணு கலங்கிருச்சு.

"பாவாயம்மா, பாவாயம்மா, தலை தட்டாதீங்க. கோபுரமா வைங்க"ன்னு மயிலை கொஞ்சும்.

"வெச்சா?"

"ஒடம்பு ஏறுமுல்ல. திமிலு பாருங்க, இட்லியாட்டம் குந்தியிருக்குது."

"உன் திமிலு போதும் கண்ணு. அதிகம் தின்னா தொப்பைதான் ஏறும். எங்க ஊட்டுக்காரரப் பாக்குறல்ல?"

இவ கிட்ட நம்ம பேச்சு எடுபடாதுன்னு மயிலைக்குப் புரிஞ்சு போச்சு. ஆனா அதுக்கு இன்னொரு வித்தை இருந்துச்சு. யாரு குரலைக் கேட்டாலும் அப்படியே பேசிக் காட்டும். சும்மா வெளையாட்டுக்குப் பழகினது.

ஒரு நாளு பாவாயி ஊட்டுக்குள்ள சோறு ஆக்கிக்கிட்டிருக்கா. படலுக்கு அந்தப்பக்கமிருந்து மாரப்பன் குரலு. கரகரன்னு தொண்டையக் கனைச்சுக்கிட்டு, "க்ர்ரூம்! ஏ புள்ள, மயிலைக்கு வெச்சியா?"

"வெச்சாச்சுங் மாமா."

"தொட்டி காலியா கெடக்குது. இன்னொரு படி வையி."

வெச்சா. தலை தட்டித்தான் வெச்சா.

மறுநாளு மூக்கால பேசுற அவ மாமியா குரலு. "அடியே ங்பாவாயீ, மாடு எளைச்சுக் கெடக்குது, அள்ளிப் போடுடீ!"

பாவாயிக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அவ மாமியா ரசத்துக்கு மொளகை எண்ணிப் போடுறவ. 'அத்தையா இப்படிச் சொல்லுது? இன்னிக்கு மழைதான்'னு வானத்தைப் பாத்துக்கிட்டே இன்னொரு படி வெச்சா.

இப்படியே தெனமும் போக, அந்த வாரத்துக் கடைசில மாரப்பன் குதிருக்குள்ள கைய விட்டான். கை அடிவரைக்கும் போச்சு.

"ஏ புள்ள, கொள்ளெல்லாம் எங்கே? எலி தின்னுச்சா, இல்ல உங்கப்பன் ஊட்டுக்குப் போச்சா?"

"நீங்கதானே மாமா இன்னொரு படி, இன்னொரு படின்னு சொன்னீங்க!"

"நானா? நா எப்போ சொன்னேன்? கனாக் கண்டியா?"

"ஆமா, உங்களத்தான் கனாவுல கண்டேன். எனக்கு வேற பொழப்பில்ல பாருங்க."

அவ்வளவுதான், பேச்சுவார்த்தை நின்னு போச்சு. எதுன்னாலும் மயிலைதான் நடுவுல.

"மயிலை, சோறு ஆறுதுன்னு உங்கப்பன்கிட்டச் சொல்லு."

"மயிலை, பசிக்கலைன்னு அவகிட்டச் சொல்லு."

"பசிக்குதாம்"னு மயிலை பாவாயிகிட்டச் சொல்லும். அதுல மட்டும் பொய் சொல்லல. மாரப்பன் வயித்துல குறுகுறுங்குற சத்தம் அதுக்கு நல்லாவே கேட்டுச்சு.

தேர் அன்னிக்கு விடிஞ்சும் விடியாம மாரப்பன் கட்டுத்தறிக்கு வந்தான். பொண்டாட்டிகிட்டக் கேக்க மனசில்ல. மாட்டைக் கேட்டான். "வெச்சாளா?"

"இல்லீங்களே!"

கடைசியா மிச்சமிருந்த கொள்ளுல ஒரு படி வெச்சுட்டுக் கொம்புக்கு எண்ணெ வாங்கப் போயிட்டான். அவன் அக்கட்டால போக, பாவாயி இக்கட்டால வந்தா. அவளும் மாட்டைத்தான் கேட்டா. "வெச்சாரா கண்ணு?"

"இல்லீங் பாவாயம்மா."

அவ ஒரு படி. அப்புறம் மாமியா குரல்ல இன்னொரு படி. மேல ஒரு தாழி தண்ணிய மடக்கு மடக்குன்னு குடிச்சுது. உள்ள போன கொள்ளு சும்மா இருக்குமா? ஊறுச்சு. உப்புச்சு. மயிலைக்கு இடப்பக்க வயிறு எழும்பி, முதுகெலும்புக்கு மேல மேடு தட்டி நின்னுச்சு. தட்டினா தொம்முங்குது, உருமி மேளமாட்டம். காலு நாலையும் அகட்டிக்கிட்டு, நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு மூச்சுக்குத் தவிக்குது.

மாரப்பன் எண்ணெயைக் கீழ போட்டுட்டு ஓடி வந்தான். "எவ்வளவுடா தின்னே? நெசத்தைச் சொல்லு!"

நெசத்தைச் சொன்னா சந்தைக்குக் கூட்டிட்டுப் போக மாட்டாங்க. அப்புறம் காயடிதான். "ஒண்ணுமே... தின்னலைங்க"ன்னு சொல்லிக்கிட்டே மயிலை முட்டி போட்டுருச்சு.

பாவாயி அதோட மொகத்தைப் பாக்கல. வயித்தையே பாத்தா. படில கும்மாச்சியா நிக்கிற தீனியாட்டம் அவ கண்ணுக்கு அது தெரிஞ்சுது. தலை தட்டுற கை வேற என்ன செய்யும்? உள்ளங்கையை அந்த மேட்டுல வெச்சா. ஒடம்பு மொத்தத்தையும் கைல எறக்கி, அழுத்தி, வழிச்சா.

"புள்ள, செத்துப் போயிரும்!"

"பேசாம அந்தப் பக்கம் தாங்கிப் புடிங் மாமா!"

பேச்சு நின்னதை ரெண்டு பேரும் மறந்துட்டாங்க. அவ அழுத்தி அழுத்தி வழிச்சா. மயிலை வாயிலிருந்து ஒரு ஏப்பம் கெளம்புச்சு பாருங்க, கூரை ஓலை பறந்துச்சு. ஏப்பத்தோட ஏப்பமா உள்ள கெடந்த குரலெல்லாம் ஒவ்வொண்ணா வெளிய வருது.

"க்ர்ரூம்! ஏ புள்ள, இன்னொரு படி வையி!"

மாரப்பன் தன் வாயைத் தொட்டுப் பாத்துக்கிட்டான்.

"அடியே ங்பாவாயீ, அள்ளிப் போடுடீ!"

ஊட்டுக்குள்ளிருந்து மாமியா, "எவடீ அவ, என்னாட்டமே கத்துறவ?"ன்னா.

புருசனும் பொண்டாட்டியும் ஒருத்தரையொருத்தர் பாத்துக்கிட்டாங்க. பாவாயிக்குத்தான் மொதல்ல சிரிப்பு வந்துச்சு. சிரிச்சுக்கிட்டே அழுத்தினா. கடைசியா மயிலையோட சொந்தக் குரலும் காத்தோட வெளிய போச்சு. "பாவாய..."ன்னு இழுத்துக்கிட்டே போச்சு. அந்தப் பேச்சோட வாலு மட்டும் தொண்டையில சிக்கி நின்னுக்கிச்சு.

"...ம்மா"ன்னுச்சு மயிலை. அப்புறம் எவ்வளவு முக்கினாலும் அதுக்கு மேல வரல.

வயிறு எறங்கிருச்சு. ஆனா பாவாயி கை வெச்ச இடம் மட்டும் குழியாவே நின்னுருச்சு.

வெய்யில் ஏறின பொறவுதான் சந்தைக்குப் போய்ச் சேந்தாங்க. அங்க ஒரே கூச்சல். "என் திமிலைப் பாருங்க!" "என் கொம்பைப் பாருங்க!" "அவனுக்குச் சொத்தைப் பல்லுங்க!" காளைங்க எல்லாம் தங்களைத் தாங்களே ஏலம் போட்டுக்கிட்டிருக்குது. பொலிகாளையைப் பொறுக்கி மாலை போட வந்த ராக்கியப்பன் ரெண்டு காதையும் துண்டால கட்டிக்கிட்டுச் சுத்துறாரு. மயிலைகிட்ட வந்ததும் துண்டை அவுத்தாரு.

"இதுக்குப் பேச வராதா?"

பாவாயி முந்திக்கிட்டா. "வராதுங்க."

"இந்தக் குழி?"

"அது... தீனி எவ்வளவு போயிருக்குதுன்னு பாக்கறதுக்குங்க. காலியா இருந்தா குழி ஆழமா இருக்கும். ரொம்பினா மேவி மட்டமாயிரும்"னு வாய்க்கு வந்ததைச் சொன்னா. மறுபடி யோசிச்சுப் பாத்தா, அது நெசமாவே அப்படித்தான் இருந்துச்சு.

ராக்கியப்பன் மாட்டைச் சுத்தி வந்தாரு. திமிலைத் தடவினாரு, குழியில கைய வெச்சுப் பாத்தாரு. அப்புறம் பொலிகாளை மாலையை மயிலை கழுத்துல போட்டாரு. "இது ஒண்ணுதான் காதுக்குச் சொகமா இருக்குது"ன்னாரு.

மயிலை மாலையில ஒரு பூவைத் தின்னுச்சு. யாரும் கண்டுக்கல.

அதோட கன்னுங்க எல்லாம் அப்பனைக் கொண்டே பொறந்துச்சு. இடப்பக்கம் குழி, வாயில ஒரே ஒரு "ம்மா". அன்னிக்குப் புடிச்சுத்தான் மாடு வளக்கிறவங்க "தின்னியா?"ன்னு மாட்டைக் கேக்குறதை விட்டுட்டு, இடப்பக்கத்துக் குழியைப் பாத்துத் தலை தட்டி அளக்குறாங்க. மாடு மட்டும், தின்னு முடிச்சு நிழல்ல படுத்துக்கிட்டு இன்னும் வாயை அசைச்சுக்கிட்டே இருக்குது, "இன்னொரு படி"ங்கிறது எப்படியாச்சும் வந்துராதான்னு.