உச்சி காய்ந்த மரங்கள்

அந்தமானில் ஒரு தீவு. அங்கே ஒரு குன்றின் மேல் சின்ன ஆசிரமம். குரு மெய்யம்மைக்கு நாற்பது வயதுகூட இருக்காது. சீடர் சிவக்கொழுந்துக்கு அறுபத்தைந்து. காட்டிலாகாவில் ரேஞ்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைதான் போயிற்றே தவிர அதிகாரம் உடம்பை விட்டு இறங்கவில்லை.

அந்த ஆண்டு குன்றுச் சரிவில் கர்ஜன் மரங்கள் சாகத் தொடங்கின. காட்டிலேயே உயரமானவை அவை. முதலில் உச்சி காயும். பிறகு கிளை கிளையாகச் சாவு கீழே இறங்கும். பார்க்கப் பார்க்க சிவக்கொழுந்தின் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று சோறு தண்ணி மறந்து அலைந்தார்.

ஒரு நாள் காலை மூச்சு வாங்க குருவின் முன் வந்து நின்றார்.

"ஆள் அகப்பட்டுட்டான், அம்மா! பட்டைக்கு அடியில வெள்ளை நூல் மாதிரி பூஞ்சை. செத்த மரம் ஒண்ணு விடாம உரிச்சுப் பாத்துட்டேன். எல்லாத்துலயும் இருக்கு."

"என்ன செய்யப் போறீங்க?"

"பரவாம இருக்கணும்னா சுத்தி நிக்கிற மரத்தையும் வெட்டியாகணும். இலாகாவுல சொல்லிட்டேன். நாளைக்கு ஆள் வருது. மனசு கேக்கலதான், வேற வழியில்ல."

"செத்த மரத்தை உரிச்சீங்க. நல்லா இருக்கிற மரத்தை?"

"நல்லா இருக்கிற மரத்தை எதுக்கும்மா காயப்படுத்தணும்?"

"நாளைக்கு வெட்டப் போறீங்களே, ஐயா."

சிவக்கொழுந்து கத்தியை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினார்.

மத்தியானம்தான் திரும்பினார். ஒரு மரம்கூடச் சாகாத அடுத்த குன்றுக்கும் போய் வந்திருந்தார்.

"இங்க நல்ல மரத்துலயும் இருக்கு, அங்கயும் இருக்கும்மா. உச்சியில தளிர் விட்டு நிக்குது, பட்டைக்கு அடியில அதே நூல். ரொம்ப வருசமாவே இருக்கும்போல, தடிச்சுக் கிடக்கு."

சிவக்கொழுந்துக்குக் கோபம் வந்தது. கையில் பிடித்த குற்றவாளி நழுவிப் போனால் எந்த அதிகாரிக்குத்தான் வராது? கொஞ்ச நேரத்தில் கோபம் போய் அழுகை வந்தது.

"அப்ப என் மரங்களை எதும்மா கொல்லுது?"

"தெரியல, ஐயா."

"நாளைக்கு ஆளுங்க கோடாலியோட வந்து நிப்பாங்க. நான் என்னன்னு சொல்றது?"

"தெரியலைன்னு சொல்லுங்க. அதே நூலை வச்சுக்கிட்டு மிச்ச மரம் எப்படிப் பொழச்சு நிக்குதுன்னு அதுங்களையே கேக்கணும். கேக்கிறதுக்கு அதுங்க நிக்கணும்."