பதினொரு தடவை இறங்கிய தலைவர்

ஊராட்சித் தலைவர் நாச்சிமுத்து நல்ல கனத்த ஆள். கோயம்புத்தூரில் பழைய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பார்த்தார், மடங்கிக் குனிந்து உள்ளே நுழைந்தார். அப்போதே யோசித்திருக்க வேண்டும். வாங்கிவிட்டார்.

"நம்மூர் ரோட்டுக்கு இது ரொம்பத் தாழ்வுங்க" என்றான் டிரைவர் ஆறுச்சாமி.

"எனக்கே கார் சொல்லித் தர்றியா? வண்டியோட அடி ஒரு தடவை தட்டுனாலும் உனக்கு வேலை இல்லை."

ஊர் எல்லையில் முதல் வேகத்தடை வந்தது. ஆறுச்சாமி வண்டியை நிறுத்திப் பவ்யமாகக் கதவைத் திறந்தான். "கொஞ்சம் இறங்கிக்குங்க. நீங்க இறங்குனா வண்டி ரெண்டு விரல் மேலே எழும்பும்."

தலைவர் இறங்கினார். கார் தட்டாமல் தாண்டியது. ஏறி உட்கார்ந்ததும் அடுத்தது வந்தது. இப்படியே பதினொரு தடவை, கார் வாங்கியதற்கு ஆட்கள் போட்ட மாலையும் கழுத்துமாகக் காருக்குப் பின்னால் நடந்தார். டீக்கடையே எழுந்து நின்று சிரித்தது.

"எந்த மடையன்டா வீட்டுக்கு வீடு இதைப் போட்டான்?"

ஆறுச்சாமி ஓரத்துக் கல்வெட்டைக் காட்டினான். "எலெக்‌ஷனுக்கு முன்னாடி, கேட்டவங்க வாசலுக்கெல்லாம் நீங்கதானுங்க போட்டுக் குடுத்தீங்க. பேர்கூட இருக்குதுங்க."

மறுநாளே கடப்பாரையோடு ஆள் வந்தது. இன்றைக்கும் வேகத்தடை பதினொன்றும் இருக்கின்றன, ஆறுச்சாமியின் வேலையும் இருக்கிறது. கல்வெட்டைத்தான் காணோம்.