முடிச்சுப் பதிவேடு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாட்டு ராஜா என்று என்னைக் கேட்காதீர்கள். சொன்னால் அந்த நாட்டார் சண்டைக்கு வருவார்கள். அவருக்குத் திடீரென்று எதையும் எழுதிவைக்க வேண்டும் என்ற கிறுக்குப் பிடித்தது. காலையில் எத்தனை காக்கை கரைந்தது, மதியம் மந்திரி எத்தனை தடவை கொட்டாவி விட்டார், எல்லாவற்றுக்கும் பதிவேடு! எழுத்தர்களுக்கு விரல் வீங்கிப்போயிற்று.

அந்தச் சமயத்தில் பெரிய ஏரியின் மதகைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. முந்தின வருஷம் கருவூல அதிகாரி இலுப்பையூராரின் மைத்துனன் தாண்டவன் கட்டிய மதகு, முதல் மழைக்கே வாயைப் பிளந்து ஊரை மூழ்கடித்துவிட்டது. இந்த முறை குறைந்த கூலி கேட்பவருக்கே வேலை என்று ராஜா பறையறைவித்தார். கூலியை ஓலையில் எழுதிச் சுருட்டி, நூலால் கட்டிச் சபையில் கொடுக்க வேண்டும். நூலின் நுனிகளைக் கருவூலத்தார் அரக்கு வைத்து ஒட்டி முத்திரையிடுவார்கள். ஓலைகள் கருவூலத்துக் குடத்தில் இருக்கும். எட்டாம் நாள் சபையில் பிரித்துப் படிப்பார்கள்.

நான்கு ஓலைகள் வந்தன. ஒன்று கல்தச்சருடையது, இன்னொன்று வண்டி ஓட்டிப் பணக்காரரான ஒருவருடையது. மூன்றாவது ஏரி வெட்டும் கூட்டத்தின் தலைவி வேலாத்தாளுடையது. நான்காவதாக, கொஞ்சமும் வெட்கமில்லாமல் தாண்டவனும் வந்து நின்றான்.

இலுப்பையூராருக்கு விகடகவி மருதக்கூத்தன் மேல் தீராத வயிற்றெரிச்சல். ராஜா எதற்கெடுத்தாலும் அவனைக் கூப்பிடுகிறாரே என்று. அன்று எழுந்து கைகட்டி நின்றார்.

"மகாபிரபு, காக்கைக்கே பதிவேடு வைத்த தாங்கள் இந்த ஓலைகளை விடலாமா? மருதக்கூத்தர் மகா அறிவாளி. முத்திரையை உடைக்காமலே ஒவ்வோர் ஓலையைப் பற்றியும் அவர் பதிவேடு எழுதட்டுமே!"

"பேஷ்!" என்றார் ராஜா. "மருதக்கூத்தா, எழுது. எட்டாம் நாள் அந்தப் பதிவேட்டால் சபைக்கு ஒரு பயனும் இல்லையென்றால், நீ கிழக்கு வாசல் வழியாக நாட்டைவிட்டே போய்விட வேண்டும்."

மருதக்கூத்தனுக்கு உள்ளூர வியர்த்துவிட்டது. வீட்டில் மூன்று பெண்கள், நடக்க முடியாத மாமனார். கிழக்கு வாசலுக்கு அப்பால் சொந்தம் என்று ஒரு நாய்கூடக் கிடையாது. ஆனால் முகத்தில் காட்டிக்கொள்வானா?

"உத்தரவு, பிரபு. கண்ணால் காண்பதை எழுதலாம் அல்லவா?"

"கண்டதை அப்படியே பதிவு செய். ஒன்றும் விடக்கூடாது."

அப்படியே என்றால் அப்படியேதான். மருதக்கூத்தன் ஓலைகளை முன்னும் பின்னும் புரட்டினான். எழுதினான். பிறகு இடுப்பிலிருந்து நூலை எடுத்து என்னவோ முடிந்தான். கடைசியில் சபையில் படித்தான்:

"முதல் ஓலை. கொண்டுவந்தவர் கல்தச்சர். நேரம், சபை மணி அடித்தவுடன். ஓரத்தில் சுண்ணாம்புக் கறை. முடிச்சு, இதோ இப்படி," என்று பதிவேட்டில் தொங்கிய நூலைக் காட்டினான். இப்படியே நான்கு ஓலைக்கும் நான்கு நூல்.

சபை கொல்லென்று சிரித்தது. "இது பதிவேடா, மீன்வலையா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார் இலுப்பையூரார். ராஜாவோ, அலுப்பு வரும்போது பார்த்துச் சிரிக்கலாம் என்று அதை வாங்கித் தன் ஊஞ்சல் சங்கிலியில் மாட்டிவிட்டார்.

எட்டாம் நாள் குடம் வந்தது. "பிரிப்பதற்கு முன் விகடகவியின் கணக்கைத் தீர்த்துவிடலாமே, பிரபு?" என்றார் இலுப்பையூரார், நாக்கில் தேன் தடவிக்கொண்டு.

மருதக்கூத்தன் ஊஞ்சல் சங்கிலியிலிருந்து பதிவேட்டை எடுத்து விரித்தான். ஒவ்வோர் ஓலையையும் அதனதன் நூலுக்குப் பக்கத்தில் வைத்தான். ராஜா குனிந்து பார்த்தார். பதிவேட்டில் கல்தச்சருடையது கல் இழுக்கும் முடிச்சு. வண்டிக்காரருடையது பாரம் கட்டும் முடிச்சு. வேலாத்தாளுடையது மண்கூடைக்குப் போடும் முடிச்சு. சோம்பேறித் தாண்டவன் முடிச்சே போடாமல் நூலைச் சும்மா சுற்றியிருந்தான். ஆனால் குடத்திலிருந்து வந்த நான்கிலும் ஒரே மாதிரி அழகான இரட்டைக்கண் முடிச்சு!

"அம்மா, இது நீ போட்டதா?" என்று கேட்டார் ராஜா.

"ஐயோ சாமி, இதென்ன கண்றாவி? எங்க கையில இது வராதுங்க," என்ற வேலாத்தாள், அங்கேயே நூல் வாங்கித் தன் முடிச்சைப் போட்டுக் காட்டினாள். பதிவேட்டில் இருந்ததும் அதுவும் அச்சாக ஒன்றாயிருந்தன.

"அப்படியானால் இது யார் முடிச்சு?"

"பிரபு, பரிசு கொடுப்பதற்காகப் பக்கத்தில் வைத்திருக்கும் பொற்பையைக் கொஞ்சம் தாருங்கள்," என்றான் மருதக்கூத்தன்.

"அதற்குள் பரிசா?"

"இப்போது பார்க்க மட்டும். பிறகு தாங்களே வற்புறுத்துவீர்கள்."

கருவூலத்திலிருந்து வந்த அந்தப் பையின் வாயிலும் அதே இரட்டைக்கண் முடிச்சு!

ஓலைகளைப் பிரித்தார்கள். தாண்டவன் தவிர மற்ற மூவரும் உள்ளே இருப்பது தங்கள் கையெழுத்துதான் என்று ஒப்புக்கொண்டார்கள். வேலாத்தாள் கேட்டிருந்தது முந்நூறு பணம். தாண்டவன் ஓலையில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. மை இன்னும் பளபளத்தது. எல்லா ஓலையையும் பிரித்துப் படித்துவிட்டு, அவனுடையதை மட்டும் மாற்றி, மறுபடி கட்டி முத்திரை வைத்திருக்கிறார்கள்.

"இருபது வருஷம் பணப்பை கட்டிய கை, பிரபு," என்றான் மருதக்கூத்தன். "மனசு திருடப் போனாலும் கை வேலைக்குத்தான் போயிருக்கிறது."

இலுப்பையூரார் தொப்பென்று காலில் விழுந்தார். ராஜாவுக்குக் கோபத்தில் மீசை துடித்தது. மதகு வேலை வேலாத்தாளுக்கு என்றார். "இனி எந்த ஓலை வந்தாலும், வந்த கணமே சபை பார்க்கப் பதிவு செய்ய வேண்டும். தோற்ற ஓலையையும் எறியக்கூடாது. பதிவேடு கருவூலத்தில் இருக்கக்கூடாது, என்னிடம் இருக்கும்!" என்று ஆணையிட்டார். வேலாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தத் தடவை ஊரு முழுகாது சாமி," என்றாள்.

"மருதக்கூத்தா, இந்தப் பை உனக்கே!"

மருதக்கூத்தன் பையை வாங்கி முடிச்சை இழுத்தான். நகத்தால் நெம்பினான். பல்லால் கடித்தான். ஊஹூம்! அதற்குள் காவலர்கள் இலுப்பையூராரை வாசல்வரை இழுத்துப்போய்விட்டார்கள். மருதக்கூத்தன் பின்னாலேயே ஓடினான்.

"ஐயா, ஐயா, ஒரு நிமிஷம்! சிறைக்கு அப்புறம் போகலாம். இதை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுப் போங்கள்!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் மடியில் விழுந்தது.