சுவரோடு போட்ட மேஜை

எங்கள் மடத்துச் சாமியிடம் கேள்வி கேட்பவர்கள் முதலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்ள வேண்டும். பதிலுக்கு முன்னால் ஒரு வேலை வரும். உக்கிராணத்தில் அரிசி பருப்பு அளந்து கொடுக்கும் எனக்கே இது தெரிய வெகுகாலம் ஆயிற்று.

நாச்சியப்பச் செட்டியார் சாமியைவிட இருபது வயது மூத்தவர். ஆனாலும் அவர்தான் சீடர். கடையை மகன்களிடம் விட்டுவிட்டு மடத்துக்கு வந்தபோது, அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, அந்தக் காலத்தில் கொழும்பில் வாங்கிய டென்மார்க் மேஜை மட்டும் கூடவே வந்தது. தேக்கு. எங்கே தேடினாலும் ஆணி தெரியாது. ஆட்கள் சாக்குச் சுற்றி மாடி அறைக்குத் தூக்கி வந்து, கடையில் இருந்தது போலவே சுவரோடு ஒட்டிப் போட்டார்கள். செட்டியார் வாசலுக்கு முதுகைக் காட்டி அதன் முன்னால் உட்கார்ந்து ஜபம் செய்வார்.

அன்று காலை அவர் பேயறைந்தவர் மாதிரி இருந்தார்.

"சாமி, வாக்குப் பெரிசா, பாசம் பெரிசா?"

"யாருக்கு?"

"எனக்குத்தான். என் மக உமையா இன்னிக்கு வர்றா. நாளைக்கு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோறாளாம். ஒருதடவை பாத்துட்டுப் போறேன்னு சொல்லி அனுப்பியிருக்கா."

"பாக்க வேண்டியதுதானே?"

"வேற சாதியில ஒருத்தனைக் கட்டிக்கிறேன்னு வந்து நின்னப்போ, இனி என் முகத்துல முழிக்காதேன்னு சொல்லிட்டேன். ஒன்பது வருஷமாச்சு. நான் சொன்ன சொல் மாறமாட்டேன்னு ஊருக்கே தெரியும். வாயிலேருந்து வந்ததை எப்படி சாமி முழுங்குறது?"

சாமி மேஜையைப் பார்த்தார்.

"செட்டியாரே, இதை ஒரு கை பிடிங்க. நடுவுக்கு இழுத்துத் திருப்பிப் போடுவோம்."

"இப்பவா?"

"இப்பத்தான்."

என்னையும் கூப்பிட்டார்கள். மேஜை கல்லாய்க் கனத்தது. சுவரை ஒட்டியிருந்த பக்கம் பழைய ஒட்டடை காய்ந்து கிடந்தது. சாமி தன் துண்டாலேயே துடைத்தார். துடைக்கத் துடைக்க மரத்தின் ரேகை அலை அலையாய்த் தெரிந்தது. நடுவில் புத்தகம் வைக்க ஒரு தட்டு, அதன் விளிம்பெல்லாம் உருட்டி இழைத்திருந்தது.

"அடப்பாவி!" என்றார் செட்டியார். "செவுத்துக்கு எதுக்கு இவ்வளவு வேலை?"

"செவுத்துக்குச் செய்யல. எதிர்ல வந்து நிக்கிறவங்களுக்குச் செஞ்சிருக்கான் தச்சன். நடுவுல போடுற மேஜை இது. ஏன் சுவரோட போட்டீங்க?"

"அப்பச்சி போட்டது. கேட்டு வர்றவன் முகத்தைப் பாத்தா மனசு இளகிடும், சுவரைப் பாத்து உக்காந்தாத்தான் சொன்ன சொல் நிக்கும்பார். நானும் அப்படியே பழகிட்டேன்."

"உமையா வந்து கேட்டப்பவும் இதுலதான் உக்காந்திருந்தீங்களா?"

"ஆமா."

"நீங்க அந்த வார்த்தையைச் சொன்னதும் அவ அழுதாளா?"

செட்டியார் சுவரைப் பார்த்தார்.

"தெரியாது சாமி," என்றார். "நான் திரும்பல."

பெற்ற மகள் அழுதாளா இல்லையா என்றுகூடத் தெரியாத தகப்பன். எனக்குக் கோபம்தான் வந்தது. கூடவே பாவமாகவும் இருந்தது. சாமி நாற்காலியைத் தூக்கிச் சுவர்ப்பக்கம் போட்டு, அவரை வாசலைப் பார்த்து உட்கார வைத்தார்.

கீழே கார் வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் உமையாள் படியேறி வந்தாள். உள்ளே வரலாமா என்று தெரியாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பச்சி," என்றாள்.

செட்டியார் தலையைத் தூக்கவில்லை. சாமியின் பக்கம் திரும்பினார்.

"நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலையே. இவகிட்ட என்ன சொல்லட்டும் சாமி?"

"என்னை ஏன் பாக்குறீங்க, செட்டியாரே? போன்னுதான் சொல்லணும்னாலும், அவ முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."